நான்கு நகர்த்தலா, நாட்டின் பட்டமா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அரங்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன். ராபர்ட் ஃபோர்ப்ஸ் கூம், ஸ்காட்லாந்தின் அமெச்சூர் செஸ் ஆட்டக்காரர், அதாவது செஸ்ஸைத் தொழிலாக வைத்துக்கொள்ளாதவர். அவரை எதை வைத்து அளப்பது? 1933-இல் நான்கே நகர்த்தலில் தோற்றாரே, அதை வைத்தா? 1946-இல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனாரே, அதை வைத்தா? நான் 1946-இன் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அந்த நான்கு நகர்த்தலைச் சொல்லி உங்களையெல்லாம் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஆட்டத்தைக் காட்டவே இல்லை, முடிவை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தை நான் காட்டுகிறேன்.

இடம் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் ஃபோக்ஸ்டன். மாதம் ஜூன். செஸ் ஒலிம்பியாட். பிரான்ஸ் அணியின் முதல் பலகையில், அதாவது அணியின் முதல் ஆளாக, அன்றைய உலக சாம்பியன் அலெக்ஸாண்டர் அலெகைன் ஆடிய போட்டி அது. கூமுக்கு இன்னும் 21 வயது முடியவில்லை. எதிரே லாட்வியாவின் வோல்ஃப்காங் ஹாசன்ஃபஸ். கூமுக்கு வெள்ளைக் காய். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். ஹாசன்ஃபஸ் பக்கத்து வரிசைச் சிப்பாயைத் தள்ளி அதை முறைக்கிறார். கூம் தானும் பக்கத்துச் சிப்பாயை நீட்டுகிறார். ஹாசன்ஃபஸ் நடுச் சிப்பாயை வெட்டுகிறார். கூம் குதிரையை வெளியே எடுக்கிறார், வெட்டிய சிப்பாயைத் திரும்பப் பிடிக்க. வெட்டிய சிப்பாய்க்குக் காவலாக ஹாசன்ஃபஸ் ராஜா முன் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் ஏற்றுகிறார். அந்தக் காவல் சிப்பாய்க்குக் காவல் யாரும் இல்லை. சும்மா நிற்கிறதே என்று குதிரை பாய்ந்து அதை வெட்டுகிறது. அவ்வளவுதான். கறுப்பு ராணி ஓரத்துக்கு வந்து ராஜாவுக்குச் செக் வைக்கிறது. அதே கட்டத்திலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் குதிரை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ராஜாவைக் காப்பாற்றினால் குதிரை போகும். கூம் தோல்வியை ஒப்புக்கொண்டு, கை கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, பறிபோகப்போவது ஒரே ஒரு குதிரை. நம் தெருவில் ஆடுகிறவர்கள் குதிரை போனபிறகும் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், எதிராளிக்குத் தூக்கம் வராதா என்று. கூம் அப்படி உட்காரவில்லை. தப்பு என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார். இன்னொரு 30 நகர்த்தல் இழுத்திருந்தால் அந்த ஆட்டம் இன்று யார் வாயிலும் வந்திருக்காது. எதிரணி சிரிப்பதற்குப் பொருள் கிடைத்ததே அவருடைய நேர்மையால்தான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். எதிரணி செய்வது என்ன தெரியுமா? சறுக்கிய தடத்தை மட்டும் டேப் வைத்து அளந்து, யானையின் உயரம் இவ்வளவுதான் என்கிறது.

சரி, நம் ஊர் யானையைப் பார்ப்போம். 1988, சுவிட்சர்லாந்தில் பீல் நகரம். கொலம்பியாவின் அலோன்சோ சபாடாவுக்கு எதிராகக் கறுப்புக் காயோடு உட்கார்ந்தார் நம்முடைய விஸ்வநாதன் ஆனந்த். ஆறாவது நகர்த்தலில் சபாடா ராணியை ஒரு கட்டம் முன்னால் வைத்தார், ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆறே நகர்த்தல்! அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடி டிராவான ஆட்டத்தில் வந்த ஒரு நகர்த்தலைத்தான் ஆனந்தும் நம்பி வைத்தார். அதில் ஓட்டை இருந்தது. எதிரணி அண்ணனைக் கேட்கிறேன்: ஆனந்த் யார் என்று உங்கள் பிள்ளை கேட்டால், பீலில் ஆறு நகர்த்தலில் தோற்றவர் என்றா சொல்வீர்கள்? சொல்லிப் பாருங்கள், வீட்டில் சோறு கிடைக்காது.

அண்ணன் இரண்டாவதாக ஒன்று சொன்னார். கூம் ஸ்காட்லாந்துப் பட்டத்தைக்கூட ஒருமுறை வெல்லவில்லையாம், உள்ளூரில் ஜெயிக்காதவர் எப்படிப் பெரிய ஆட்டக்காரர் ஆவார் என்றார். உண்மைதான், அந்தப் பட்டம் அவரிடம் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் யார் இருந்தார் என்பதை அண்ணன் லாகவமாக விட்டுவிட்டார். கிளாஸ்கோவில் வில்லியம் ஃபேர்ஹர்ஸ்ட் என்று ஒரு மனிதர் இருந்தார். ஸ்காட்லாந்துப் பட்டத்தை 11 முறை வென்றவர். 1937-இல் பிரிட்டிஷ் சாம்பியன். இதில் வேடிக்கை, அவருக்கும் செஸ் தொழில் கிடையாது. அவர் பாலம் கட்டும் பொறியாளர். டண்டீ நகரத்தையும் ஃபைஃப் கரையையும் இணைத்து 1966-இல் திறந்தார்களே டே சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதை வடிவமைத்தவர் அவர்தான். அப்படி ஒருவர் வாசலில் தூண் நட்டு உட்கார்ந்திருக்கும்போது உள்ளூர்ப் பட்டம் மற்றவர்களுக்குச் சுலபமாகவா கிடைக்கும்? உள்ளூரில் கிடைக்காததை கூம் வெளியே போய், அதைவிடப் பெரியதாக எடுத்து வந்தார். இதைக் குறை என்று சொல்ல அண்ணனுக்கு எப்படி மனம் வந்ததோ!

இப்போது 1946-க்கு வருகிறேன். பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் 1938-க்குப் பிறகு நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து மறுபடி நடந்தது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில். சரியாகப் பத்து வருடம் முன்னால் நடந்த பெரிய போட்டியில், பின்னாளில் உலக சாம்பியனான போட்வின்னிக்கும் முன்னாள் உலக சாம்பியன் காப்பபிளாங்காவும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட அதே நாட்டிங்ஹாம். அங்கே ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் எல்ஜின் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு மனிதர் வருகிறார். 34-ஐ ஒட்டிய வயது. அவர்தான் ஜெயிப்பார் என்று எதிர்பார்த்து யாரும் வரவில்லை. ஜெயித்துவிட்டார்.

போரில் எல்லோருக்கும் ஆட்டம் துருப்பிடித்திருந்தது, அதனால்தான் ஜெயித்தார் என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஐயா, துரு என்ன ஆள் பார்த்தா பிடிக்கும்? லண்டன்காரருக்குப் பிடித்த துரு எல்ஜின்காரருக்கும்தானே பிடித்திருக்கும்? லண்டனிலாவது பக்கத்துத் தெருவில் ஒரு கிளப் இருக்கும், பலமான ஆள் நாலு பேர் கிடைப்பார்கள். எல்ஜினிலிருந்து எடின்பரோ போவதே ஒரு நாள் பிழைப்பு.

இன்னொன்றையும் யோசியுங்கள். செஸ்ஸை வைத்துச் சாப்பிடுகிறவர் தோற்றாலும் மறுநாள் வந்தாக வேண்டும், அடுப்பு எரிய வேண்டுமே. அமெச்சூருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒலிம்பியாட் மேடையில், நாட்டுக்காக ஆடி, நான்கு நகர்த்தலில் தோற்றுவிட்டு, பலகையைப் பரணில் போட்டுவிட்டு ஊரிலேயே இருந்திருந்தால் கூமை யார் கேட்டிருப்பார்கள்? அதற்குப் பிறகு 13 வருடம் கழித்து நாட்டின் முதல் ஆட்டக்காரர்களோடு போய் உட்கார ஒரு நெஞ்சுரம் வேண்டும். எதிரே உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பழைய கதை தெரிந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

எதிரணியின் பலமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உலகம் இன்றுவரை நினைவில் வைத்திருப்பது தோல்வியைத்தான் என்கிறார்கள். வைத்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான்கு நகர்த்தலை நினைவில் வைக்கச் சிரமமே இல்லை, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி சொல்லி முடித்துவிடலாம். நாட்டிங்ஹாமில் சுற்றுக்குச் சுற்று அவர் ஆடியதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பலகை வேண்டும், பொறுமை வேண்டும், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். நம் சோம்பேறித்தனத்துக்கு அந்த மனிதரைத் தண்டிப்பது என்ன நியாயம்? அவர் 1952 பிப்ரவரியில் 39 வயதில் இறந்துவிட்டார். இன்னும் இருபது வருடம் ஆடியிருந்தால் எதிரணிக்கு இந்தத் தலைப்பே கிடைத்திருக்காது.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து எதிரணியிலிருந்து ஒருவர் பேச வருவார். நடுவர் அவர்களே, அவருக்கு நான்கு நிமிடம் மட்டும் கொடுங்கள், நகர்த்தலுக்கு ஒரு நிமிடம். அவர்களிடம் இருக்கும் சரக்குக்கு அதுவே தாராளம்.