கற்றாழையைச் சீண்டும் நனோ துணிக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலை அறியாதவர் நம் திருகோணமலை மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். அம்மணலிலுள்ள இல்மனைற்று, உரூத்தைல் ஆகிய கனியங்கள் தைத்தேனியமீரொட்சைட்டுக்கு மூலப்பொருள். சுவருக்குப் பூசும் பெயின்ற்றுக்கு வெண்மை தருவது அதுவே. அதே பொருளை 100 நனோமீற்றருக்கும் சிறிய துணிக்கைகளாக்கி, சோற்றுக் கற்றாழையின் கலங்கள் வளரும் திரவத்தில் இட்டபோது, அக்கலங்கள் அலோயின் என்னும் கசப்புப் பொருளை வழமையிலும் கூடுதலாகச் சுரந்தமை ஆய்வுகூடத்தில் அவதானிக்கப்பட்டுள்ளது. தலைமயிரின் தடிப்பே ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்றால், அத்துணிக்கையின் சிறுமையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்துணிக்கை உரமன்று, பலர் மயங்குவது இவ்விடத்திலேதான். பூச்சியும் பூஞ்சையும் வெயிலும் வருத்தும்போது தன்னைக் காத்துக்கொள்ளவே தாவரம் அல்கலோயிட்டு, பீனோல், தேர்ப்பீன் வகைச் சேர்வைகளை ஆக்குகிறது. நாம் மருந்தென்று அரைத்துக் குடிப்பதும் பெரும்பாலும் அந்தப் படைக்கலங்களையே. நனோ துணிக்கை கலத்தைச் சீண்டியதும், தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. கல்சியம் அயன்கள் உட்புகுகின்றன. யஸ்மோனிக்கமிலம் போன்ற சைகைப் பொருட்கள் எழுந்து, தற்காப்புக்குரிய பரம்பரையலகுகளைத் தட்டியெழுப்புகின்றன. பகைவன் வாசலுக்கு வந்துவிட்டான் என்று தாவரம் ஏமாறுகிறது என்றே சொல்லலாம்.

ஆகவே காரியம் முழுவதும் அளவிலேயே தங்கியுள்ளது. குறைந்தால் கலம் அசையாது, மிஞ்சினால் மடிந்துவிடும். மேற்சொன்ன கற்றாழைக் கலங்களிலும் ஏறிய அலோயின் பின்னர் படிப்படியாக இறங்கியமையால், எடுக்க வேண்டிய வேளையையும் கணிக்க வேண்டியுள்ளது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், வேலியோரத்துப் பட்டிப்பூவைக் காட்டுவேன். நித்தியகல்யாணி என்றும் அழைக்கப்படும் அச்செடியின் இலையிலிருந்தே குருதிப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்ரின் கிடைக்கிறது. ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். இத்தகைய அரிய சேர்வைகளுக்கே இம்முறை பொருந்தும், கீரைக்கும் கத்தரிக்கும் அன்று.

2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு, இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் இறக்கப்பட்ட காலத்தை மறவாத மூதூர், கந்தளாய் விவசாயிகள் நனோ என்றதும் முகஞ்சுளித்தால் அதில் வியப்பில்லை. அது வயலுக்குச் சென்றது. இது குடுவைக்குள் நிற்க வேண்டியது. வெள்ளி, நாகம் (சிங்க்) போன்ற உலோகங்களின் நனோ துணிக்கை தோட்டத்தில் தெளிக்கப்பட்டால், மண்ணின் நன்மை தரும் பற்றீரியாக்களையும் அது விட்டுவைக்காது. மழையோடு கிணற்றுக்கும் கொட்டியாரக்குடாவுக்கும் செல்லவும் கூடும். மூடிய பாத்திரத்தில் நடக்கும் கல வளர்ப்பிலோ, வேர் வளர்ப்பிலோ கழிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்க வழியுண்டு.

கோணேசபுரியிலுள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர்கள் இதில் ஈடுபட விரும்பினால், அலோயின் எவ்வளவு கூடியது என்பதற்கு முன்னரே, பிரித்தெடுத்த சாற்றில் உலோகம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.