மணவாளக்குறிச்சி மணலும் அணுகுண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

அணு ஆயுதப் பரவல் என்றதும் வட கொரியா, ஈரான் என்று எங்கோ நடக்கிற சமாச்சாரமாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். கறுப்பு மணலுக்கு நடுவே மஞ்சளும் தவிட்டு நிறமுமாக மினுங்கும் துகள் மோனசைட். அதற்குள் இருப்பது தோரியம் என்ற கதிரியக்க உலோகம். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதைக் கண்டறிந்தபோது குண்டு நினைப்பு யாருக்கும் இல்லை. அன்று தோரியம் தேவைப்பட்டது விளக்குக்கு. பெட்ரோமாக்ஸில் மேண்டில் கட்டுவோமே, எரிந்த பிறகு விரல் பட்டாலே பொடிந்துபோகும், அதை வெள்ளையாக ஒளிரவைத்தது இந்தத் தோரியம்தான்.

தோரியத்தை அப்படியே வைத்துக் குண்டு செய்ய முடியாது. அணு உலையில் வைத்து, அது யுரேனியம்-233 ஆக மாறிய பிறகுதான் பேச்சே. 1955இல் அமெரிக்கா அதையும் ஒரு சோதனைக் குண்டில் போட்டுப் பார்த்துவிட்டது.

சிக்கலே இதுதான். மின்சாரத்துக்கும் குண்டுக்கும் பாதிக்கு மேல் ஒரே வழி. பெரும்பாலான மின் உலைகளுக்கு யுரேனியத்தை 3 முதல் 5 சதவீதம் செறிவூட்டினால், அதாவது அதில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235இன் பங்கை அந்த அளவுக்குக் கூட்டினால், போதும். குண்டுக்கு 90 சதவீதம். ஆனால் இயந்திரம் ஒன்றுதான், தொடர்ந்து ஓட்டவேண்டும், அவ்வளவுதான்.

வேறு யாரும் வேண்டாம், நம்மையே எடுத்துக்கொள்வோம். அமைதிப் பணிக்கு என்று கனடா கொடுத்தது சைரஸ் உலை. யுரேனியம் உலையில் எரியும்போது புளூட்டோனியம் என்ற இன்னொரு குண்டுப் பொருள் உண்டாகும். 1974 மே 18இல் பொக்ரானில் நாம் வெடித்த புளூட்டோனியம் அந்த உலையில் உண்டானது. 1998 மே மாதம் நாம் மறுபடி வெடித்தோம். அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது. அப்புறம் அந்நாட்டு விஞ்ஞானி ஏ. கியூ. கான், செறிவூட்டும் நுட்பத்தை ஈரான், லிபியா, வட கொரியாவுக்குக் கொடுத்ததாக 2004இல் தொலைக்காட்சியிலேயே ஒப்புக்கொண்டார். நம் விஞ்ஞானிகளின் திறமையில் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும் நாம் செய்தால் தற்காப்பு, அடுத்தவர் செய்தால் பரவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 குண்டுகள். கை கூடக்கூடத் தவறும் கூடும். 1983 செப்டம்பரில் அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் கருவிகள் காட்டின. பணியில் இருந்த பெட்ரோவ் என்ற அதிகாரி அதை நம்பவில்லை. மேகத்தில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தப்பாகப் படித்திருந்தது. எல்லா நாட்டிலும் அந்த நேரத்தில் ஒரு பெட்ரோவ் உட்கார்ந்திருப்பாரா?

நமக்குக் கூப்பிடு தூரத்தில் கூடங்குளம் இருப்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அடுத்தவர் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988இல் ஒப்பந்தம் போட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் சண்டைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஆனால் குண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லவேண்டும் என்று அந்த ஒப்பந்தம் கேட்கவில்லை.