முகப்பு விழுந்த கோயில்: மாயர் கட்டுமானத்தின் குறுக்குவெட்டு

வணக்கம் நண்பர்களே. இப்போது நான் நிற்பது மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், மாயர்களின் பழைய நகரமான பலெங்கேயில். பின்னால் மலைச்சரிவை ஒட்டி முகப்பே இல்லாமல் ஒன்று நிற்கிறது பாருங்கள், அதுதான் இலைச் சிலுவைக் கோயில். கி.பி. 692இல் இந்நகரை ஆண்ட ‘கான் பாலம்’ என்ற மன்னர் அர்ப்பணித்தது. எதிரே இருக்கும் சூரியக் கோயில் கிட்டத்தட்ட முழுசாக இருப்பதால் எல்லோரும் அங்கேதான் செல்ஃபி எடுக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். முன்பக்கம் இடிந்துபோனதால், நடுவே பிளந்து வைத்த பலாப்பழம் மாதிரி உள்ளே இருப்பது எல்லாம் தெரிகிறது.

கொஞ்சம் ஜூம் செய்கிறேன். சுவர் மேலே போகப் போக நம்மை நோக்கிச் சாய்ந்து வருகிறதல்லவா? அது கூரையின் ஒரு பாதி. இன்னொரு பாதி விழுந்துவிட்டது. ‘உண்மையான வளைவு’ என்று சொல்லும் ரோமானியர் வளைவில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டே போய், உச்சியில் மிஞ்சும் சிறு இடைவெளியை ஒரு கல்லால் மூடிவிடுவார்கள். கார்பெல் வளைவு என்பது இதுதான். அகலம் கூடினால் ஆபத்து, அதனால் அறைகள் ஒடுங்கியே இருக்கும்.

"மாயர்களுக்கு உண்மையான வளைவு தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூரையைத் தாங்குவது வெறும் கல்லடுக்கு மட்டுமல்ல. பின்னால் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்து நிரப்பியிருக்கிறார்கள். இறுகிய பிறகு அது ஒரே பாறை. வடக்கே யுகட்டானில், உஷ்மல் என்ற இன்னொரு மாயர் நகரத்துப் பக்கம் போனால் இன்னும் தெளிவு: வெளியே பதித்த கற்கள் உதிர்ந்த பிறகும் உள்கட்டு அசையாமல் நிற்கும் இடங்கள் அங்கே உண்டு.

சரி, பலெங்கேக்கு வருவோம். அந்தச் சாய்வில் சாவித்துவார வடிவில் மாடங்கள் தெரிகின்றனவா? அலங்காரம் என்று நினைக்காதீர்கள். கல்லைக் குறைத்து எடையைக் குறைக்கும் வேலை அது. வெளிக்கூரையும் உள்வளைவின் சாய்வையே பின்பற்றுகிறது, அதனால் தேவையில்லாத பாரம் ஓரத்தில் ஏறவில்லை. முன்னறை, பின்னறை இரண்டின் வளைவுகளும் நடுச்சுவரில் சாய்கின்றன. உச்சியில் கட்டிய கூரைச் சீப்பும் (கூரைக்கு மேலே சீப்பு போல எழும் சுவர்) அந்த நடுச்சுவருக்கு மேலேதான், அதுவும் சல்லடை போல ஓட்டைகளோடு. விளைவு? சுவர்கள் மெலிந்தன, வாசல்கள் அகன்றன, உள்ளே வெளிச்சம் வந்தது. குவாத்தமாலாவில் திக்கால் என்ற மாயர் நகரத்தின் ‘முதல் கோயில்’ சுமார் 47 மீட்டர் உயரம். ஆனால் உச்சியில் இருக்கும் அறைகள் தடித்த சுவர்களுக்கு நடுவே சந்து போலத்தான் இருக்கும்.

இதையெல்லாம் இரும்புக் கருவியோ பாரவண்டியோ இல்லாமல் செய்தார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட விறகு மலைமலையாக வேண்டும். சாந்தில் வேறு சரக்கும் உண்டு. ஹோண்டுராஸில் உள்ள மாயர் நகரமான கோபானில் எடுத்த பூச்சை ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மரப்பட்டைச் சாறு கலந்ததால்தான் பூச்சுக்கு அந்த உறுதி என்கிறார்கள்.

அப்புறம் மரம். வாசலுக்கு மேலே உத்தரமாகப் பல இடங்களில் போட்டது எது தெரியுமா? நம் ஊரில் பழம் தின்கிறோமே, அந்தச் சப்போட்டா மரம்தான். அதற்குச் சொந்த ஊரே இந்தப் பக்கம். வைரம் பாய்ந்த கட்டை, கரையான் லேசில் தொடாது. திக்காலின் நான்காம் கோயிலில் 8ஆம் நூற்றாண்டில் செதுக்கிய உத்தரங்கள் ஆயிரம் வருடத்துக்கு மேல் தாங்கின. 1877இல் குஸ்தாவ் பெர்னூலி என்ற சுவிஸ்காரர் அங்கே போனதைத் தொடர்ந்து அவற்றைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். பார்க்க வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தின் பாசல் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.