ஏழாவது ஸ்டெப்: ஆரீஸ் மெரிட்டின் தடை ஓட்டக் கதை

[திரையில் ஐந்து எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக: 12.93, 12.92, 12.91, 12.88, 12.87]

இந்த எண்கள் எல்லாம் ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டத்தின் உலக சாதனைகள். 1981இல் அமெரிக்காவின் ரெனால்டோ நெஹமையா 12.93 விநாடியில் ஓடினார். 1989இல் ரோஜர் கிங்டம் 12.92. 1993இல் பிரிட்டனின் காலின் ஜாக்சன் 12.91. 2006இல் சீனாவின் லியூ சியாங் 12.88. 2008இல் கியூபாவின் டேரன் ரோப்ளஸ் 12.87.

கழித்துப் பாருங்கள். 27 ஆண்டுகளில் நான்கு பேர் சேர்ந்து குறைத்தது ஒரு விநாடியில் நூறில் ஆறு பங்கு.

[திரையில்: 12.80]

2012 செப்டம்பர் 7, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரம். ஆரீஸ் மெரிட் என்ற அமெரிக்கர் ஒரே ஓட்டத்தில் நூறில் ஏழு பங்கைக் குறைத்தார். முன்னால் நால்வர் கால் நூற்றாண்டுக்கும் மேல் எடுத்து முடித்ததைவிட ஒரு பங்கு கூடுதல். அதற்கு ஒரு மாதம் முன்புதான் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியிருந்தார்.

மெரிட்டைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் அவருடைய கிட்னியைப் பற்றித்தான் வரும். அதற்கும் வருகிறேன். ஆனால் அவர் கால் எப்படி ஓடியது என்று தெரியாமல் அந்தக் கதையைக் கேட்டால் பாதிதான் புரியும். அதனால் முதலில் தடை ஓட்டம்.

[திரையில்: ஓடுபாதையின் வரைபடம், பத்துத் தடைகள்]

110 மீட்டர் தூரம். பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 106.7 சென்டிமீட்டர் உயரம், அதாவது ஒரு சராசரி ஆளின் இடுப்பைத் தாண்டும். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை வரை 13.72 மீட்டர். தடைகளுக்கு நடுவே 9.14 மீட்டர். கடைசித் தடைக்குப் பிறகு 14.02 மீட்டர் வெறும் ஓட்டம். தடையைத் தட்டி விழவைத்தாலும் தப்பில்லை, வேண்டுமென்றே தள்ளக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் தட்டும் ஒவ்வொரு தடையும் வேகத்தில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

வேகமாக ஓடுபவர், உயரமாகத் தாண்டுபவர் ஜெயிப்பார் என்றுதான் தோன்றும். இங்கே விஷயம் அப்படி இல்லை. ஒரு தடையைத் தாண்ட ஏறக்குறைய இரண்டு மீட்டர் முன்னாலேயே கிளம்ப வேண்டும். தாண்டியபின் கால் தரையில் படுவது தடைக்கு அப்பால் ஒன்றேகால், ஒன்றரை மீட்டரில். அந்த 9.14 மீட்டரில் இவ்வளவும் போக ஓடுவதற்கு மிஞ்சுவது ஐந்தரை, ஆறு மீட்டர். அதில் மூன்று ஸ்டெப் வைத்தாக வேண்டும். உலகத் தரத்தில் ஓடும் எல்லோருக்கும் மூன்றுதான்.

ஆக ஒரு ஸ்டெப்புக்குக் கிடைப்பது இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆனால் 100 மீட்டர் ஓட்டத்தில் முழு வேகத்தில் போகும் வீரர் ஒரே ஸ்டெப்பில் இரண்டரை மீட்டரை நெருங்குவார். பிரச்சினை புரிகிறதா? வேகம் கூடக் கூட ஸ்டெப் நீளும், தடைகளோ இருந்த இடத்திலேயே இருக்கும். அகலம் காலுக்குப் பொருந்தாத படிக்கட்டில் வேகமாக இறங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். தடை ஓட்டக்காரர் தன் ஸ்டெப்பை வேண்டுமென்றே சுருக்கிக்கொண்டு, காலை மட்டும் இன்னும் வேகமாக மாற்ற வேண்டும். நீளத்தில் கிடைக்காததை எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டும். ஒரு தடையிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய ஒரு விநாடி. அதற்குள் மூன்று ஸ்டெப், ஒரு தாண்டல்.

மெரிட்டின் பலம் அதுதான். தரையைத் தொட்டதும் அடுத்த காலை எடுத்துவிடுவார்.

[திரையில்: இளம் மெரிட்டின் படம்]

அவர் 1985 ஜூலை 24 அன்று சிகாகோவில் பிறந்தவர். ஜார்ஜியா மாநிலத்தின் மரியெட்டாவில் பள்ளிப் படிப்பு, பிறகு டென்னசி பல்கலைக்கழகம். 2004இல் உலக ஜூனியர் சாம்பியன். 2006இல் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள், நேராகச் சொன்னால், நல்ல ஓட்டக்காரர், அவ்வளவே. 2011இல் தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலகப் போட்டியிலும் பதக்கம் இல்லை.

அந்த ஆண்டின் கடைசியில், பயிற்சியாளர் ஆண்ட்ரியாஸ் பேமுடன் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு அதுவரை எட்டு ஸ்டெப் வைத்தார். இனி ஏழு.

கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் பிளாக்கில், அதாவது தொடக்கக் கோட்டில் கால்களை ஊன்றி உந்திக் கிளம்பும் கட்டையில், குனிந்து நிற்கும் வீரரை யோசித்துப் பாருங்கள். ஒரு கால் முன்னால், ஒன்று பின்னால். துப்பாக்கி வெடித்ததும் பின்னால் இருக்கும் கால்தான் முதல் ஸ்டெப்பை வைக்கும். எட்டு என்பது இரட்டைப்படை, அதனால் எட்டாவது ஸ்டெப் முன்காலில் விழும், அந்தக் காலில் உந்தித் தாண்டுவார். ஏழு என்றால் கணக்கு மாறிவிடும், உந்த வேண்டிய கால் மாறிப்போகும். தாண்டும் கால் பழையபடியே இருக்க வேண்டுமானால் பிளாக்கில் கால்களை இடம் மாற்றி வைக்க வேண்டும். சிறு வயதிலிருந்து வலது, இடது என்று உடம்பில் பதிந்துபோன தொடக்கத்தை அழித்துவிட்டு, 26 வயதில் தலைகீழாகக் கற்றுக்கொள்வது. அதுவும் ஒலிம்பிக்குக்கு ஒரு வருடம்கூட இல்லாதபோது! நான் பயிற்சியாளராக இருந்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்றிருப்பேன்.

ஸ்டெப்பும் நீள வேண்டும். முதல் தடைக்கு முன்னால் ஓட இருப்பது பதினொன்றரை மீட்டருக்குப் பக்கம். எட்டால் வகுத்தால் ஒரு ஸ்டெப் சுமார் 1.45 மீட்டர், ஏழால் வகுத்தால் சுமார் 1.65. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் உடம்பு அவ்வளவு நீளமாகக் கால் வைக்க, ஒவ்வொரு உந்தலிலும் தரையைப் பலமாகத் தள்ள வேண்டும். தள்ள முடிந்தால் முதல் தடைக்கு வரும்போதே கூடுதல் வேகம் கையில் இருக்கும்.

ரோப்ளஸ் ஏற்கெனவே ஏழு வைப்பவர், லியூ சியாங்கும் ஏழுக்கு மாறியிருந்தார். மெரிட் கண்டுபிடித்தது இல்லை இது. ஆனால் அந்த நீளமான தொடக்கத்தோடு அவருடைய படபடக்கும் கால்கள் சேர்ந்தபோது நடந்தது வேறு.

[திரையில்: 2012 ஆண்டின் கால வரிசை]

2012 மார்ச்சில் இஸ்தான்புல்லில் உலக உள்ளரங்கப் போட்டி, 60 மீட்டர் தடை ஓட்டம். 7.44 விநாடியில் தங்கம், லியூ சியாங் இரண்டாவது. ஜூன் கடைசியில் யூஜீனில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் 12.93. ஜூலையில் லண்டனில் 12.93. ஒரு வாரம் கழித்து மொனாக்கோவில் மறுபடி 12.93! பல வீரர்களுக்கு வாழ்நாள் முழுக்க 13 விநாடியை உடைக்க வாய்க்காது. இவர் அதே நேரத்தை மூன்று ஊரில் அச்சடித்தார்.

ஆகஸ்ட் 8, லண்டன் ஒலிம்பிக் இறுதி ஓட்டம். லியூ சியாங் அதில் இல்லை, தகுதிச் சுற்றில் முதல் தடையிலேயே விழுந்து, ஒற்றைக் காலில் நொண்டிப் போய்க் கடைசித் தடைக்கு முத்தம் கொடுத்துவிட்டு வெளியேறியிருந்தார். ரோப்ளஸ் தொடைத் தசை பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார். மெரிட் 12.92. சக அமெரிக்கர் ஜேசன் ரிச்சர்ட்சன் 13.04. ஜமைக்காவின் ஹான்ஸ்ல் பார்ச்மென்ட் 13.12. இந்தப் பார்ச்மென்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் பிரஸ்ஸல்ஸ். பின்காற்று விநாடிக்கு வெறும் 0.3 மீட்டர், அனுமதி 2.0 வரை உண்டு. காற்று தள்ளிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

[சிறு இடைவெளி]

சரி, இப்போது கிட்னி.

2013இல் தசைக் காயங்களோடு மாஸ்கோ உலகப் போட்டிக்குப் போய் ஆறாவதாக வந்தார். வெறும் காயம் அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. அரிசோனாவில் உள்ள மேயோ கிளினிக்கில் பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகங்களும் வேகமாகச் செயலிழந்துகொண்டிருந்தன. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் லட்சக்கணக்கில் உண்டு. அவை தழும்பேறிச் சுருங்கும் ஒரு நோய், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படும் மரபணுக் கோளாறோடு தொடர்புடையது. அதோடு பார்வோவைரஸ் என்ற தொற்றும் சேர்ந்து சிறுநீரகத்தையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கியிருந்தது. இனி ஓட முடியாது என்று மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள்.

அவர் ஓடினார். சிறுநீரகச் செயல்பாடு 20 சதவீதத்துக்கும் கீழே இருந்த நிலையில்.

இதற்குப் பின்னணி இசை போட்டு, முயன்றால் முடியாதது இல்லை என்று ஒரு தன்னம்பிக்கை வீடியோ ஆக்கிவிடுவது எளிது. அப்படி நிறைய இருக்கின்றன. எனக்கு அதைவிட ஆர்வமான கேள்வி: 13 விநாடி ஓட்டத்தில் சிறுநீரகத்துக்கு என்ன வேலை?

அந்த 13 விநாடிக்குள் அதிகமில்லை. அவ்வளவு சின்ன ஓட்டத்துக்கான ஆற்றல் பெரும்பகுதி தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்ததிலிருந்தே வரும். சிக்கல் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும். சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு ஹார்மோன் அனுப்புவது சிறுநீரகம். அது கெட்டால் ரத்தச் சோகை வரும். பயிற்சியில் உடையும் தசையின் கழிவை வெளியேற்றுவதும் அதன் வேலை. இந்த நிலையில் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டில் புரதம், பொட்டாசியம் என்று கட்டுப்பாடு வேறு. ஆக ஒருமுறை ஓடிவிடலாம். அடுத்த நாள் மறுபடி ஓட வேண்டுமே, அங்கேதான் உடம்பு ஒத்துழைக்காது. தடை ஓட்டத்திலோ பயிற்சி என்பதே திரும்பத் திரும்பச் செய்வது.

2015 ஆகஸ்ட், பெய்ஜிங் உலகப் போட்டி. தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று மூன்று ஓட்டங்கள். ஆகஸ்ட் 28 அன்று இறுதி. ரஷ்யாவின் செர்கே ஷுபென்கோவ் 12.98, தங்கம். பார்ச்மென்ட் 13.03, வெள்ளி. மெரிட் 13.04, வெண்கலம்.

லண்டனில் ஆரோக்கியமான ரிச்சர்ட்சன் ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய அதே 13.04.

என்னைக் கேட்டால், 12.80ஐவிட இதுதான் பெரிய ஓட்டம். பலம் குறைந்திருந்தது, பயிற்சி குறைந்திருந்தது. குறையாமல் இருந்தது 2011இன் கடைசியில் உடம்பில் பதிய வைத்த அந்த ஏழு ஸ்டெப் தொடக்கமும், மூன்று ஸ்டெப் தாளமும். வெறும் 100 மீட்டர் ஓட்டமாக இருந்திருந்தால் அவர் பதக்கம் பக்கம் வந்திருக்கமாட்டார் என்பது என் கணிப்பு. அங்கே பலக் குறைவை மறைக்க இடமே இல்லை. தடை ஓட்டத்தில் எல்லோரும் ஸ்டெப்பைச் சுருக்கித்தான் ஓடுகிறார்கள், நுட்பத்துக்குப் பங்கு அதிகம்.

சரியாக நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 1 அன்று, மேயோ கிளினிக்கில் மாற்று அறுவை சிகிச்சை. சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய சகோதரி. பழைய சிறுநீரகம் முதுகுப் பக்கம் இருக்கும், பொருத்தப்படும் புதியதை வழக்கமாக அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி வைப்பார்கள். தடை தாண்டும்போது உடம்பு மடிவதும் தொடை மேலே வருவதும் கிட்டத்தட்ட அங்கேதான்! அக்டோபரில் ரத்தக் கட்டு காரணமாக இன்னொரு அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டியிருந்தது.

2016 ஜூலை, மறுபடி யூஜீன், ரியோ ஒலிம்பிக்குக்கான தேர்வு. அமெரிக்காவில் உலக சாதனையாளர், பழைய சாம்பியன் என்ற சலுகை எதுவும் கிடையாது. அன்றைக்கு முதல் மூன்று இடம் பிடித்தால் விமானம், இல்லாவிட்டால் வீடு. இரண்டாவதும் மூன்றாவதும் 13.21. மெரிட் 13.22, நான்காவது. சிகிச்சை முடிந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. இந்தத் தேர்வு முறை கொடூரமானது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுவே நேர்மையானதாகப் படுகிறது. ஆனாலும் அந்த நூறில் ஒரு பங்கைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது.

அடுத்த ஆண்டு, 2017இல், லண்டன் உலகப் போட்டிக்குத் தேர்வாகி இறுதிச் சுற்றுவரை வந்து ஐந்தாவதாக முடித்தார். ஐந்து ஆண்டுக்கு முன் தங்கம் வாங்கிய அதே மைதானம், இப்போது சகோதரியின் சிறுநீரகத்தோடு.

பார்ச்மென்ட் என்ன ஆனார்? 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். நேரம் 13.04. அந்த ஓட்டத்தில் அவரிடம் தோற்றவர் அமெரிக்காவின் கிராண்ட் ஹாலோவே. அதே கோடையில் அமெரிக்கத் தேர்வின் அரையிறுதியில் ஹாலோவே 12.81 ஓடியிருந்தார், மெரிட்டின் சாதனைக்கு நூறில் ஒரு பங்கு பாக்கி.

[திரையில்: பிரஸ்ஸல்ஸ் ஓட்டத்தின் தொடக்கம், மெதுவாக]

பிரஸ்ஸல்ஸ் ஓட்டத்தின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு, பிளாக்கிலிருந்து முதல் தடைவரை மெரிட்டின் ஸ்டெப்பை மட்டும் எண்ணுங்கள். அப்புறம் பக்கத்துப் பாதையில் இருப்பவரையும் எண்ணிப் பார்த்து, அவர் ஏழா எட்டா என்று கமென்ட்டில் எழுதுங்கள்.