குங்குமப்பூ எவ்வளவு பழசு? ஆய்வகம் கண்டுபிடிக்கும் விதம்

[காட்சி: வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு சிட்டிகை குங்குமப்பூ, மிக அருகில்]

இரண்டும் கருஞ்சிவப்பு. இரண்டிலும் வாசனை வருகிறது. ஒன்று, காஷ்மீர் பாம்போரில் போன அறுவடையில் பறித்தது, மற்றது மூன்று வருடம் கிடங்கில் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். பார்வையில் பிடிபடாது. டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் பேக் செய்த தேதிதான், பூ பறித்த தேதி இல்லை. கிராம் கணக்கில் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு இது சின்னக் குறை அல்ல.

[காட்சி: மூன்று பெயர்கள் திரையில்]

குங்குமப்பூவின் நிறம் குரோசினால் வருகிறது. கசப்பு பிக்ரோகுரோசின். மணம் சஃப்ரனால். இதில் கவனிக்க வேண்டியது, பறித்த பூவின் சூலகமுடியில், அதாவது நாம் வாங்கும் சிவப்பு இழையில், சஃப்ரனால் அநேகமாகக் கிடையாது என்பதுதான். உலர்த்தும்போது பிக்ரோகுரோசின் உடைந்து, அதிலிருந்த குளுக்கோஸ் கழன்று, சஃப்ரனால் பிறக்கிறது. டப்பாவுக்குள் போன பிறகும் அந்த உடைவு நிற்பதில்லை. குரோசினோ வெளிச்சம், ஈரம், காற்று மூன்றுக்கும் பலியாகும்.

அதனால் நாளாக ஆக நிறமும் கசப்பும் இறங்கும். மணம் மட்டும் கொஞ்ச காலம் ஏறி, பிறகுதான் ஆவியாகிக் குறையும். ‘வாசனை தூக்கலாக இருக்கிறது, அப்படியானால் புதுசு’ என்று எடுத்துக்கொள்வது தப்புக்கணக்கு.

[காட்சி: தராசு, பொடித்த குங்குமப்பூ]

உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவுகோல், சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 3632. இழைகளைப் பொடித்து, 500 மைக்ரோமீட்டர் சல்லடையில் 95 சதவீதமாவது இறங்கும்படி சலிக்கிறார்கள். அரைக்கும்போது சூடேறினால் சஃப்ரனால் அங்கேயே பறந்துவிடும். அதனால் விட்டுவிட்டு அரைக்க வேண்டும்.

பொடியில் 500 மில்லிகிராம் எடுத்து, 1 லிட்டர் குடுவையில் சுமார் 900 மில்லி காய்ச்சி வடித்த நீரோடு போட்டு, காந்தக் கலக்கியில் 1 மணி நேரம் சுழல விடுகிறார்கள். குடுவையைச் சுற்றி அலுமினியத் தாள் இருக்கிறது பாருங்கள், வெளிச்சம் பட்டால் குரோசின் அங்கேயே சிதையத் தொடங்கும். நேரம் முடிந்ததும் கோடு வரை நீர் நிரப்பி, அதில் 20 மில்லி எடுத்து 200 மில்லியாக்கி, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைக்கிறார்கள். 257 நானோமீட்டர் அலைநீளத்தில் கசப்பு, 330-இல் மணம், 440-இல் நிறம். கரைசலை வைக்கும் சிறு பாத்திரமான குவெட் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி 257-இல் தானே ஒளியை விழுங்கிவிடும்.

[காட்சி: சூத்திரம் எழுதப்படுகிறது]

கருவி காட்டும் அளவை 10,000-ஆல் பெருக்குங்கள். பிறகு கிராமில் எடையையும் (இங்கே 0.5), நூறில் ஈரப்பதம் போக மீதியையும் பெருக்கி, அதனால் வகுங்கள். 440-இல் 0.98 வருகிறது, ஈரம் 9 சதவீதம் என்றால் விடை 215. முதல் தரத்துக்கு 200 போதும், ஆகவே தேறிவிட்டது. ஈரத்தைக் கழிக்க மறந்தால் அதே பொருள் 196-ஆகி இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிடும். ஈரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டரை கிராமை 103 டிகிரி சூட்டில் 16 மணி நேரம் வைத்து, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். இழைக்கு 12 சதவீதம் வரை, பொடிக்கு 10 வரை அனுமதி.

பிழை நுழையும் இடங்கள் இன்னும் உண்டு. எடையில் 5 மில்லிகிராம் தவறினால் நிற எண் 2 புள்ளி நகரும். வடிகட்டல் சரியில்லாமல் கரைசல் கலங்கியிருந்தால் மூன்று எண்களும் பொய்யாக ஏறும், கசப்பின் எண் இன்னும் அதிகமாக. 700 நானோமீட்டரில் அளவு சுழிக்கு அருகில் இல்லையென்றால், மறுபடி வடிகட்டுவதுதான் வழி.

[காட்சி: ஒரே சரக்கின் இரண்டு வளைகோடுகள்]

இனி வயதுக்கு வருவோம். புதிதில் ஒரு சரக்கு நிறம் 215, கசப்பு 83, மணம் 35 காட்டியது என்று கொள்ளுங்கள். பின்னாளில் அதுவே 176, 75, 42 என்று வந்தால், மூன்றும் நகர்ந்திருக்கும் திசையே அது பழசாகிவிட்டதைச் சொல்கிறது. நிற எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். நிறம் குறைவதற்குத் தாறுமாறாக உலர்த்தியதும் காரணமாகலாம், மஞ்சள் நிறத் தண்டுப்பகுதி அதிகம் கலந்ததும் காரணமாகலாம்.

330-க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. சஃப்ரனால் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதோடு, வடிவம் திரும்பிய சிஸ்-குரோசின்களும் அந்த இடத்திலேயே ஒளியை உறிஞ்சுகின்றன. அங்கே 42 என்று வந்தால் அவ்வளவும் மணம் இல்லை. ஐஎஸ்ஓ அந்த எண்ணுக்கு 20 முதல் 50 வரை என்று மட்டும் வைத்து, தரம் பிரிக்க அதைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறது. உண்மையான சஃப்ரனால் அளவு வேண்டுமென்றால் ஆவியாகும் பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபியில் பார்ப்பதே சரி.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஹெச்பிஎல்சி, அதாவது கரைசலில் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை. சி18 என்ற பொருள் நிரப்பிய குழாய் வழியே கரைசலை ஓடவிட்டால் குரோசின்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளிவரும். செயற்கைச் சாயம் கலந்து 440-ஐ ஏற்றியிருந்தால் அது தனிச் சிகரமாக நின்று மாட்டிக்கொள்ளும். பழைய சரக்கைப் புதுசாகக் காட்டச் செய்யும் வேலை அது. இதைப் பிடிப்பதால் மட்டுமே இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு தகும்.

இத்தனை செய்தும் எந்த ஆய்வகமும் ‘இது இந்த வருடத்து அறுவடை’ என்று எழுதித் தர முடியாது. எட்டு மாதம் வெயில்படும் அலமாரியில் கண்ணாடிப் புட்டியில் இருந்த சரக்கு, இருட்டில் குளிராக இரண்டு வருடம் காத்த சரக்கைவிட மோசமான எண்களைக் காட்டக்கூடும். புதிது வந்து இறங்கிய அன்றே ஒருமுறை அளந்து வைத்திருந்தால்தான், பின்னால் ஒப்பிட்டு உறுதியாகப் பேச முடியும்.

[காட்சி: ஒரு கிராம் டப்பாக்கள், உறை]

மாதிரி அனுப்புகிறவர்களுக்கு: ஒரு கிராம் டப்பா ஒன்று போதாது, ஈரச் சோதனைக்கே இரண்டரை கிராம் போய்விடும். ஒரே பேட்ச் எண்ணில் ஐந்து டப்பாக்கள், முத்திரை பிரிக்காமல், வெளிச்சம் புகாத உறையில் அனுப்புங்கள். ஃபிரிட்ஜில் இருந்ததென்றால், அறைச் சூட்டுக்கு வரும் வரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது என்று உறையின் மேல் எழுதிவிடுங்கள். குளிர்ந்த இழையில் காற்றின் ஈரம் படிந்தால், அளப்பதற்கு முன்பே எடை மாறிவிடும்.