பாட்ரிக் திருநாள் வாழ்வது வீட்டு மேசையில்தான்

நடுவர் அவர்களுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், டப்ளின் குளிரைப் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் தமிழ் உறவுகளுக்கும் வணக்கம். மார்ச் 17 அன்று வரும் அயர்லாந்தின் புனித பாட்ரிக் திருநாள் உயிரோடு இருப்பது வீதி ஊர்வலத்திலா, வீட்டு மேசையிலா என்பது தலைப்பு. வீட்டு மேசையில்தான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் அவர்கள் டப்ளின் ஊர்வலத்தின் முரசொலியையும் வண்ணத்தையும் அழகாக விவரித்துவிட்டு, முத்தாய்ப்பாக எங்கள் அணியைப் பார்த்து, "வீட்டுக்குள்ளே என்ன இருக்கிறது? வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டைக்கோசு. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு அதைத் திருநாள் விருந்து என்கிறீர்களே!" என்றார். அரங்கமே கைதட்டியது. ஊர்வலத்தைப் பற்றி அவர் சொன்னவற்றுக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். அந்த உருளைக்கிழங்குக்குப் பதில் சொல்ல மிச்ச நேரம் முழுவதும் எனக்கு வேண்டும்.

நியூயார்க் நகரில் 1762ஆம் ஆண்டு ஊர்வலம் போனவர்கள் பிரித்தானியப் படையில் இருந்த ஐரிஷ் வீரர்கள். சிகாகோ ஆற்றில் இந்த நாளுக்காகப் பச்சைச் சாயம் கலக்கத் தொடங்கியது 1962இல். டப்ளினில் அரசு சார்பில் முதல் ஊர்வலம் நடந்ததே 1931இல்தான். ஆனால் வாட்டர்போர்டில் பிறந்த லூக் வாடிங் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மார்ச் 17 திருச்சபையின் நாட்காட்டியில் இடம்பெற்றுவிட்டது. 1903இல் அது பொது விடுமுறையானது. 1920களில் தொடங்கி 1950கள் முழுவதும் அன்றைக்கு அயர்லாந்தின் மதுக்கடைகள் சட்டப்படி மூடியே கிடந்தன. ஊரை விட்டுப் போனவர்கள் ஊர் நினைப்பில் அயல்நாட்டு வீதிகளில் நடந்தார்கள். ஊரில் இருந்தவர்கள் திருப்பலிக்குப் போனார்கள், வீடு திரும்பினார்கள், சேர்ந்து அமர்ந்து உண்டார்கள். ஊர்வலத்துக்கு இந்தப் பதில் போதும், உருளைக்கிழங்குக்கு வருகிறேன்.

நான் இந்த நாட்டுக்குச் செவிலியாக வந்த முதல் ஆண்டு, மேயோ மாவட்டத்தில் வெஸ்ட்போர்ட் ஊருக்கு வெளியே, எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் க்ரோக் பாட்ரிக் மலை தெரியும். அந்த மலையுச்சியில்தான் புனித பாட்ரிக் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்பது மரபு. இன்றும் ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர், சிலர் வெறுங்காலோடு, அந்தக் கல்மலையில் ஏறுகிறார்கள். மார்ச் 17 காலை இரவுப் பணி முடிந்து, படுத்தால் போதும் என்று வீட்டுக்குள் நுழைந்தேன். பாட்டி என்னைத் தூங்க விடவில்லை. "கையைக் கழுவிக்கொண்டு வா, மகளே, இன்றைக்கு இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்" என்றார்.

பெரிய கிண்ணத்தில் கோதுமை மாவு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சமையல் சோடா. அளவுக் கரண்டி எதுவும் இல்லை. மாவின் நடுவே குழி பறித்து மோரை ஊற்றினார். விரல்களை விறைப்பாக விரித்து, ஒரே கையால் வட்டமாக நான்கைந்து சுற்று, மாவு திரண்டுவிட்டது. நம் வீட்டுப் பழக்கத்தில் நான் அதைப் பிசையப் போனேன். கையைத் தட்டிவிட்டார். ஈஸ்ட் இல்லாத ரொட்டி அது, மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்கும் காற்றுதான் அதை உப்ப வைக்கும், பிசைந்தால் கல்லாகிவிடும். வட்டமாகத் தட்டி, கத்தியை எடுத்து, மேலே ஆழமாக ஒரு சிலுவை கீறினார்.

"பாட்டி, இந்தச் சிலுவை எதற்கு?" என்று கேட்டேன். "நடுமாவு வேக வேண்டாமா?" என்றார். அடுப்பில் வைத்துவிட்டு வந்த பிறகு மறுபடி கேட்டேன். "மாவுக்குள் ஒளிந்திருக்கும் தேவதைகள் வெளியே போக வழி வேண்டுமே" என்று சிரித்தார். அவர் முகத்தில் வேறு ஏதோ ஒரு பதிலும் இருப்பது எனக்குத் தெரிந்தது. மூன்றாம் முறை கேட்டபோது பாட்டி பேசவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்குப் பானையின் மூடியைத் திறந்து, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். தோலோடு வெந்து வெடித்திருந்த கிழங்குகளைக் காட்டி, "பார், சிரிக்கின்றன" என்றார்.

அண்ணன் அவர்களே, நீங்கள் பத்தியச் சாப்பாடு என்றீர்களே, அந்தக் கிழங்கைப் பற்றித்தான் பேசுகிறேன். 1845ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இந்த நாட்டு வயல்களில் நோய் இறங்கி, நேற்றுப் பச்சையாக இருந்த செடிகள் கருகி, தோண்டிய கிழங்குகள் கையிலேயே அழுகிக் கரைந்தன. ஓர் உழவுக்கூலி நாள் ஒன்றுக்கு ஐந்தாறு கிலோ உருளைக்கிழங்கையும் கொஞ்சம் மோரையும் தவிர வேறெதையும் காணாமல் உயிர் வாழ்ந்த காலம் அது. அந்த ஒன்றும் போனது. பஞ்சம் ஓய 1852 ஆயிற்று. அதற்குள் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். மேலும் பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். இத்தனை நடக்கும்போதும் இந்த நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மேயோவைப் போன்ற மேற்கு மாவட்டங்கள் பட்ட பாடு மிகக் கொடியது. அந்த மண்ணில் பிறந்த ஒருத்தி, நல்ல கிழங்கு தோல் வெடித்து நிற்பதைப் பார்த்துச் சிலுவை அடையாளம் இடுகிறாள் என்றால், அது பத்தியமா? அது செபம் ஐயா.

நன்றி என்றால் என்ன என்பதையும் இந்த நாடு அந்தப் பசியிலிருந்துதான் கற்றது. தங்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, வழியெல்லாம் உயிர்களைப் பறிகொடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சாக்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள், 1847இல் அயர்லாந்தின் பசியைக் கேள்விப்பட்டுத் தங்களுக்குள் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். கார்க் மாவட்டத்து மிடில்டனில், ஒன்பது கழுகு இறகுகள் கிண்ணம்போல் குவிந்து நிற்கும் எஃகுச் சிற்பம் ஒன்றை 2017இல் அவர்களுக்காகத் திறந்தார்கள். 2020இல் நவஹோ, ஹோப்பி என்ற வேறு அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் தொற்றுநோயில் தவித்தபோது, அந்தப் பழைய கடனை நினைத்து எத்தனையோ ஐரிஷ் குடும்பங்கள் பணம் அனுப்பின. அண்ணன் அவர்களே, 170 டாலரை 173 ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தது எது? சாப்பாட்டு மேசையில் தாத்தா பேரனுக்குச் சொன்ன கதைதான்.

மீண்டும் அந்தச் சமையலறைக்கே போகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நடுவில் வரும் நாள் மார்ச் 17. பாட்டியின் சிறுவயதில் தவக்காலம் முழுக்க இறைச்சியும் இனிப்பும் குறைத்து நோன்பிருப்பார்களாம். இந்த ஒரு நாள் மட்டும் விலக்கு. அதனால்தான் மேசையில் உப்பிட்ட பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வைக்கிறார்கள். அமெரிக்கக் கடைகளில் இந்த நாளுக்கென்று விற்கும் உப்பிட்ட மாட்டிறைச்சியை, அங்கே குடியேறிய ஏழை ஐரிஷ் மக்கள் நியூயார்க்கின் யூதக் கசாப்புக் கடைகளில் வாங்கிப் பழகினார்கள் என்று சொல்வார்கள்.

சாப்பிடும் முன் பாட்டி ஐரிஷ் மொழியில் செபித்தார். பிறகு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு பாட்ரிக்கைப் பற்றிச் சொன்னார். பதினாறு வயதில் பிரித்தானியாவிலிருந்து கடத்தி வரப்பட்டு, இங்கே ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்த பையன் அவர். காட்டிலும் மலையிலும், பனியிலும் மழையிலும், விடியும் முன் எழுந்து, ஒரு பகலில் நூறு முறையும் இரவில் ஏறக்குறைய அதே அளவும் செபித்ததாகத் தம் வாக்குமூலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தப்பித்து வீடு சேர்ந்தவர், தம்மை அடிமையாக்கிய மக்களிடமே ஆயராகத் திரும்பி வந்தார். "பிரிவு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும், மகளே. உனக்கும் தெரியும்" என்றார் பாட்டி. வீட்டை விட்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது எனக்கு. கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மூன்றாம் முறை கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. ரொட்டியை அந்தச் சிலுவைக் கோட்டின் வழியே நான்காகப் பிய்த்தார். "ஒன்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும். ஒன்று பிள்ளைகள் எங்களுக்கு. ஒன்று கதவைத் தட்டுகிறவருக்கு. நான்காவது, இந்த மேசைக்கு வரமுடியாதவருக்கு. எங்கள் அம்மா அப்படித்தான் வைப்பாள்" என்றார்.

நாட்டை விட்டு ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வெளியேறிய 1950களில், பாட்டியின் அண்ணன் பதினேழு வயதில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். ஒவ்வொரு மார்ச் மாதமும் அம்மா வயல் வரப்பில் ஷாம்ராக் என்ற மூவிலைச் செடியைப் பறித்து, ஈரப் பாசியில் சுற்றி, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து மகனுக்கு அஞ்சலில் அனுப்புவாராம். திருநாளன்று அவன் சட்டையில் சொந்த மண்ணின் இலை இருக்க வேண்டும். பதிலுக்குக் கடிதமும் டாலரும் வரும். ஓர் ஆண்டு அந்தப் பெட்டியே திரும்பி வந்தது, முகவரியின் மேல் ஊதா மையில் முத்திரை குத்தி. அம்மா அதைப் பிரிக்கவில்லை. ரொட்டியின் நான்காவது பங்கையும் நிறுத்தவில்லை. பாட்டி எழுந்து போய், அலமாரியில் திரு இருதயப் படத்தின் சிவப்பு விளக்குக்குப் பின்னாலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். அட்டை மங்கியிருந்தது, நூல் அப்படியே இருந்தது, குலுக்கினால் உள்ளே உமி உரசுவதுபோல் ஒரு சத்தம்.

நடுவர் அவர்களே, வெஸ்ட்போர்ட் கடைத்தெருவில் அந்த நேரம் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. முரசுச் சத்தம் எங்கள் ஜன்னல் வரை கேட்டது. பாட்டி அந்த நான்காவது பங்கில் வெண்ணெயைத் தடவி, அண்ணனுக்கு என்று வைத்திருந்த தட்டில் வைத்து, தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "அறுபது வருடமாக இது ஆறிப்போகிறது. இன்றைக்கு நீ சூடாகச் சாப்பிடு" என்றார்.

வணக்கம்.