முதல் ரேங்க் கேட்டு ஹயக்ரீவரிடம் போகிறவர்களுக்கு

[காட்சி: மலைப்படிகள். கையில் ஹால் டிக்கெட்டோடு ஏறும் மாணவர்கள், பின்னால் பெற்றோர்.]

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் மாணவர் கூட்டம் அலைமோதும். கீழே தேவநாதப் பெருமாள் கோயில். எதிரே ஔஷதகிரி என்ற சிறிய மலை. அதன் மேல் ஹயக்ரீவர். மது, கைடபன் என்ற அசுரர்கள் கவர்ந்துபோன வேதங்களை மீட்டுத் தந்த, குதிரை முகம் கொண்ட திருமால். அதனால்தான் கல்விக்கு அவரிடம் போகிறோம். பேனாவும் ஹால் டிக்கெட்டும் அவர் திருவடியில் வைக்கப்பட்டு, குங்குமக் கறையோடு கைக்குத் திரும்பி வரும்.

அங்கே நின்று என்ன கேட்கிறோம்?

'பாடம் மனத்தில் பதிய வேண்டும்' என்று கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு பிள்ளைக்குக் கணக்கு விளங்கினால், இன்னொரு பிள்ளைக்கு விளங்குவது குறைந்துவிடாது. 'முதல் ரேங்க் வேண்டும்' என்பது அப்படியல்ல. முதலிடம் ஒன்றுதான். அதை என் பிள்ளைக்குக் கொடு என்றால், பக்கத்தில் கண்மூடி நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்காதே என்றும் சேர்த்துத்தான் கேட்கிறோம். கேட்டதை நாம் உணர்வதில்லை, அவ்வளவுதான்.

[திரையில்: 200]

ரேங்க் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரே கட்-ஆஃபில் பலர் வந்து நின்றால் பாட மதிப்பெண்களையும் பிறந்த தேதியையும் பார்ப்பார்கள். அதிலும் சமமானால் ரேண்டம் எண். கணினி போட்ட எண்! இருக்கும் இடங்களுக்கு ஆட்களை வரிசைப்படுத்த வேண்டும், அதற்கு ஏதாவதொரு முறை வேண்டும், அதில் தவறில்லை. அந்த வரிசை எண்ணைப் பிள்ளையின் தகுதியாகவே எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவனைக் குறுகவைப்பதுதான் கொடுமை. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. நல்ல முடிவு. ஆனால் பள்ளி வாசல் பேனர்களில் அந்த வழக்கம் தொடர்கிறது.

அப்படியானால் போட்டியிலிருந்து ஒதுங்கிவிட வேண்டுமா? ஹயக்ரீவரின் அருளைத் திருவந்திபுரத்தில் பெற்றவராகச் சொல்லப்படும் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் ஒதுங்கியவர் அல்லர். 1268இல் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்தவர். வாதப்போர்களில் வென்று 'கவிதார்க்கிக சிம்மம்', அதாவது கவிகளுக்கும் தர்க்கவாதிகளுக்கும் சிங்கம், என்று பட்டம் பெற்றவர்.

[காட்சி: திருவரங்கம், இரவு. விளக்கு, ஓலைச்சுவடி, எழுத்தாணி.]

அவரைப் பற்றி வைணவ மரபில் வழங்கும் ஒரு வரலாறு உண்டு. திருவரங்கத்தில் ஒரு போட்டி: ஓர் இரவுக்குள் ஆயிரம் சுலோகம் பாட வேண்டும். எதிரே அமர்ந்த புலவர் அரங்கனின் திருவடியைப் பாட எடுத்துக்கொண்டார். தேசிகரோ திருவடியையும் விட்டுவிட்டு, அதன் கீழே கிடக்கும் பாதுகையை எடுத்துக்கொண்டார். விடிவதற்குள் 1008 சுலோகங்கள் முடிந்தன. அதுதான் பாதுகா சகஸ்ரம். மற்றவரால் ஆயிரத்தை எட்ட முடியவில்லை.

நம் ஊர் வழக்கப்படி கதை இங்கே முடிந்து, பேனர் கட்டப்பட்டிருக்க வேண்டும். தேசிகரோ தோற்றவரிடம் போகிறார். 'பன்றி ஒரே ஈற்றில் பல குட்டிகளைப் போடும். யானை ஒரே ஒரு கன்றைத்தான் ஈனும். அதனால் யானைக்கு என்ன குறை?' என்று தேற்றுகிறார். பன்றியின் இடத்தில் தம்மை வைத்துச் சொல்கிறார்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இரவெல்லாம் முழு மூச்சாகப் பாடியவர்தான் அவர், அரைமனத்தோடு எதையும் செய்யவில்லை. அந்த வெற்றியைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாததால்தான் அடுத்தவரின் வலி அவர் கண்ணில் பட்டது.

இந்த மனநிலைக்கு வைணவத்தில் சாத்துவிகத் தியாகம் என்று பெயர். 'நான் செய்கிறேன்', 'இது என்னுடையது', 'இதன் பலன் எனக்கே' என்ற மூன்று எண்ணங்களையும் விட்டுவிட்டுக் காரியத்தைச் செய்வது. காரியத்தை விடச் சொல்லவில்லை. விடிகாலையில் எழுந்து படிக்கத்தான் வேண்டும், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். தேர்வறையில், முன்னால் இருப்பவன் கூடுதல் விடைத்தாள் வாங்கும்போது வயிற்றைப் பிசைகிறதே, அந்தப் பிசைவு குறையும். அப்போது கவனம் கேள்வித்தாளிலேயே நிற்கும்.

மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் 'ஞானானந்த மயம் தேவம்' தேசிகரின் ஹயக்ரீவ ஸ்தோத்திரத்தில் முதல் சுலோகம். ஞானமும் ஆனந்தமுமானவர், பளிங்கு போல் தூயவர், எல்லா வித்தைகளுக்கும் ஆதாரமானவர், அவரை உபாசிக்கிறோம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அந்தச் சுலோகத்தில் எந்தக் கோரிக்கையும் இல்லை.

[காட்சி: அர்ச்சனைத் தட்டு, ஏலக்காய் மாலை.]

மலையேறும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். வகுப்பில் அவனோடு முதல் மதிப்பெண்ணுக்கு மல்லுக்கட்டும் பிள்ளையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயர் மட்டும் போதும்.